மரத்தின் முடியில் ஒன்று, சமுத்திரத்தின் அடியில் ஒன்று

சிவாலயங்களில் கர்ப்பக்கிரகத்தின் மேற்குப் புறச் சுவரில், பிரதட்சிணம் செய்கிறவர்கள் பாதி வழியில் தலைதூக்கிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகரும் மாடத்தில், அடியும் தெரியாமல் முடியும் தெரியாமல் நிற்கும் ஒரு தூணும், அதன் உச்சியை நாடிப் பறக்கும் அன்னமும், பீடத்தைக் குடைந்து இறங்கும் வராகமும் கல்லில் வடிக்கப்பட்டிருப்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் அபூர்வம். அந்தக் கதை நிகழ்ந்த இடமென்று புராணம் காட்டுவது திருவண்ணாமலையை. மேலே போன பிரம்மா, முடியைக் கண்டதாகத் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி வைத்தார். கீழே போன மகாவிஷ்ணு, அடியைக் காணவில்லை என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டு திரும்பினார். கதையின் நியாயம் முழுவதும் கீழே போனவர் பக்கம் இருக்க, நம் மனம் மட்டும் ஏனோ இன்றுவரை மேலே இருப்பவற்றின் பக்கமே சாய்ந்துகொண்டிருக்கிறது. உயரம் என்றால் உன்னதம், ஆழம் என்றால் பாதாளம். கிளையில் உட்கார்ந்திருப்பது சாது, ஆழத்தில் நீந்துவது அரக்கன் என்று, பார்க்காத பிராணிகளுக்கும் குணம் எழுதி வைத்துவிடுகிறோம்.

இந்தச் சாய்வு எவ்வளவு தூரம் நியாயமென்று பார்ப்பதற்காக, உலகத்தின் இரண்டு கோடிகளிலிருந்து இரண்டு ஜீவன்களை இந்த மலையடிவாரத்துக்கு அழைத்து வர உத்தேசம். ஒன்று, ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களில், கிளையின் கவட்டில் முதுகைச் சாய்த்து நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் கோவாலா. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது, கரடி என்று பெயர் வாங்கியிருந்தும் கரடிக்கு எவ்வகையிலும் உறவில்லாதது. மற்றொன்று, சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்தில், இந்து மகாசமுத்திரத்தின் சரிவுகளை ஒட்டி வாழும் கல்ப்பர் சுறா. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களின் தூண்டிலில் ஏறி வருவது, ஆனால் நம்மில் லட்சத்தில் ஒருவர்கூடக் கண்டிராதது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று வாசகர் நினைக்கக்கூடும். முடிச்சு உண்டு. அது இரண்டின் வயிற்றுக்குள்ளும், கல்லீரலில் இருக்கிறது. அந்த முடிச்சைப் போட்டது எண்ணெய்.

முதலில் மரத்துப் பிராணியைப் பார்ப்போம். கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டரையும் வெறுங்காலால் நடந்து முடித்தவர்கள், மறுநாள் காலையில் கெண்டைக்காலில் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலம் எந்த மரத்து இலையிலிருந்து இறக்கப்படுகிறதோ, அதே யூகலிப்டஸ் குடும்பம்தான் கோவாலாவின் சமையற்கட்டு. அம்மரம் நம் நாட்டுக்கு உரியதன்று. 1843இல் நீலகிரியில் கொண்டுவந்து நட்டார்கள். விறகுக்கும் தைலத்துக்குமாக அது மலை முழுவதும் பரவிக் குடியுரிமை பெற்று, ‘தைல மரம்’ என்ற தமிழ்ப் பெயரையும் சம்பாதித்துக்கொண்டது. மரம் வந்ததே தவிர அதைத் தின்னும் பிராணி வரவில்லை. நம் ஆடுமாடுகள் அந்த இலையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவற்றின் புத்தி சரியானதே. அந்த இலையில் நாரும் எண்ணெயும் விஷச்சத்துக்களும் மிகுதி, புரதம் அற்பம். சாதாரணப் பிராணி அதையே ஆகாரமாக வைத்துக்கொண்டால் பட்டினியால் சாவதற்கு முன் விஷத்தால் சாகும்.

கோவாலாவோ தினந்தோறும் அரைக் கிலோவுக்கு மேல் அந்த இலையைத் தின்று, பெரும்பாலும் தண்ணீர்கூடத் தனியே குடிக்காமல், இலையின் ஈரத்தைக் கொண்டே ஜீவித்திருக்கிறது. அதன் பெருங்குடல் தொடங்குமிடத்தில் இருக்கும் குடற்பை சுமார் 2 மீட்டர் நீளம். பிராணியின் உடல் முழுவதையும் அளந்தால் அதில் பாதியைக்கூட எட்டாது. அந்தப் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துக்கொண்டிருக்க, கல்லீரல் விஷத்தைப் பிரித்து வெளியே தள்ளுகிறது. 2018இல் கோவாலாவின் மரபணுத் தொகுதியை முழுவதும் வாசித்த விஞ்ஞானிகள், நஞ்சு முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதனிடம் வழக்கத்துக்கு மிஞ்சிப் பெருகிக் கிடப்பதைக் கண்டார்கள். இதில் ஒரு வினோதமான கஷ்டமும் உண்டு: விஷத்தை வெளியேற்றும் கல்லீரல், மருந்தையும் விஷமென்றே பாவித்து அதே வேகத்தில் வெளியேற்றிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் கோவாலாக்களைக் குருடாக்கி மலடாக்கி வரும் கிளமிடியா என்னும் தொற்றுக்கு மருத்துவம் செய்யும் கால்நடை வைத்தியர்கள், மருந்தைச் செலுத்திவிட்டு அது உடலில் தங்குவதில்லையே என்று தலையில் கைவைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை பாடுபட்டு இலையிலிருந்து கிடைக்கும் சக்தி கொஞ்சமே. ஆகையால் கோவாலா ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் தூங்குகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சிரிப்பவர்கள், மாதக் கடைசியில் குடும்பத்தலைவி அடுப்பை ஒரு வேளைக்கு மட்டும் மூட்டுவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வார்களா? வருமானத்துக்கு ஏற்ற செலவு அது. அதன் மூளையும் உடலளவுக்குச் சிறியதே. மூளை என்பது அதிகமாகத் தின்னும் உறுப்பு, அதையும் சுருக்கிவிட்டது. ஆனால் சுருக்கக்கூடாத இடத்தில் அது சுருக்கவில்லை. முன்கையைக் கிட்ட வைத்துப் பார்த்தால், ஐந்து விரல்களில் இரண்டு மற்ற மூன்றுக்கும் எதிர்த்திசையில் பிரிந்து, இரண்டு கட்டைவிரல்கள் போல நின்று, கிளையைக் கொறடு மாதிரிக் கவ்விக்கொள்கின்றன. விரல் நுனியில் மனிதரின் கைரேகையைப் போலவே சுழிகள். மனிதருக்கும் குரங்கினத்துக்கும் வெளியே இத்தகைய ரேகை அமைந்த பிராணி வேறொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி கீழே இறங்குவோம். அண்ணாமலையின் சிகரம் கடல் மட்டத்துக்கு மேல் 814 மீட்டர். புதுச்சேரிக் கடற்கரை இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தக் கடலுக்கு அப்பால் ஆழமான நீரில் இந்த மலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டதாகக் கற்பனை செய்தால், கார்த்திகை தீபத்தன்று கொப்பரை ஏற்றி நெய் வார்க்கும் இடம் எவ்வளவு ஆழத்துக்குப் போகுமோ, ஏறக்குறைய அதுதான் கல்ப்பர் சுறாவின் வாசஸ்தலம். சில நூறு மீட்டரிலிருந்து ஆயிரத்துக்கும் கீழே வரை அதன் நடமாட்டம். மேலே தீபம் எரியும் அதே தூரத்தில் கீழே நிரந்தர இருட்டு, நிரந்தரக் குளிர், ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு மடங்காக ஏறி எண்பது, நூறு மடங்காக அழுத்தும் நீர். ஆகாரம் அங்கே விளைவதில்லை. மேலேயிருந்து உதிர்ந்து வருவதும், அதைத் தின்று பிழைக்கும் சிறு மீன்களும் கணவாய்களுமே கிடைக்கும். சமுத்திரத்தின் வறண்ட சீமை அது.

சாதாரண மீன்களுக்கு உடலுக்குள் காற்றுப்பை உண்டு. அதை ஊதியும் சுருக்கியும் நீரில் மிதக்கும். சுறா இனத்துக்கு அந்தப் பை இல்லை. இருந்திருந்தாலும் இந்த ஆழத்தில் அதை ஊதி வைத்திருப்பது பெருஞ்செலவு. அதற்குப் பதிலாக ஆழ்கடல் சுறாவின் கல்லீரல் உடல் எடையில் கால் பங்கு வரை பருத்து, நீரைவிட இலேசான எண்ணெயால் நிரம்பியிருக்கிறது. வயிற்றைக் கீறினால் முதலில் தென்படுவதும் அதுவே: வயிற்றறையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீண்ட இரு மடல்கள், வெளிர் மஞ்சளும் சாம்பலுமாக, விரலால் அழுத்தினால் எண்ணெய் கசியும் மென்மையோடு. துடுப்பை அடிக்காமல், சக்தியைச் செலவிடாமல், இருந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருக்க இந்த எண்ணெய்க் குடம் அதற்குப் போதும். கோவாலாவின் கல்லீரல் எண்ணெயை வெளியே தள்ளிச் சோற்றுக்கு வழி செய்கிறது; சுறாவின் கல்லீரல் எண்ணெயை உள்ளே சேமித்துச் சோற்றுச் செலவைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன.

இந்தச் சுறாவின் உருவம் சினிமாவில் வரும் சுறாவினுடையது அன்று. ஓராள் தூக்கக்கூடிய உடல். முதுகுத் துடுப்புகள் இரண்டின் முன்னாலும் ஒவ்வொரு முள். உப்புத்தாள் போன்ற தோல். முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண்கள். படகின் விளக்கொளி பட்டவுடன் அந்தக் கண்கள் பச்சையாக ஜ்வலிக்கும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்றதொரு படலம் இருந்து, உள்ளே வந்த அற்ப வெளிச்சத்தையும் இரண்டாவது முறை திருப்பி அனுப்புவதால் வரும் ஒளி அது. பூனைக்கும் பசுவுக்கும் இருப்பதே. முதுகு முள்ளை அறுத்துப் பார்த்து வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். இக்குடும்பத்தில் ஓர் இனம் எழுபது ஆண்டுகள் வரை வாழ்வதாக அவ்வாறு கண்டிருக்கிறார்கள். காட்டில் கோவாலாவின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். நிதானத்தில் சுறாவே மூத்தது.

பிள்ளை பெறும் விஷயத்தில்தான் நம் முன்முடிவுகள் முழுவதும் தலைகீழாகின்றன. பாலூட்டி என்றால் வயிற்றில் நெடுங்காலம் சுமந்து பெறுவது, மீன் என்றால் ஆயிரக்கணக்கில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போவது என்பதுதானே பள்ளிக்கூடத்தில் படித்தது? கோவாலா கருவைச் சுமப்பது சுமார் 35 நாட்கள். பிறக்கும் குட்டி 2 சென்டிமீட்டர் நீளம், ஒரு கிராமுக்கும் குறைந்த எடை. கண் திறக்கவில்லை, காது இல்லை, பின்கால்கள் வெறும் மொட்டுகள். அந்த நிலையில் அது தாயின் ரோமத்தைப் பற்றித் தானாகவே ஊர்ந்து பைக்குள் போய்ச் சேர்ந்து, முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு ஆறு ஏழு மாதம் அங்கேயே வளர்கிறது. வைஷ்ணவ ஆசாரியர்கள் பக்தனுக்கும் பகவானுக்கும் உள்ள சம்பந்தத்தை மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டாகப் பிரித்து, குரங்குக்குட்டியாகத் தாயைத் தானே பற்றுவதா, பூனைக்குட்டியாகத் தாய் கவ்வட்டும் என்று கிடப்பதா என்று நெடுங்காலம் வாதித்தார்கள். கோவாலாக் குட்டியைக் கண்டிருந்தால் இரு கலையாரும் திகைத்திருப்பார்கள்: பை வரையில் மர்க்கடம், பைக்குள் மார்ஜாரம், பையை விட்டு வெளியே வந்தபின் தாயின் முதுகில் மறுபடியும் மர்க்கடம். பால் மறக்கும் பருவத்தில் தாயின் குடலிலிருந்து வரும் ஒருவிதக் கூழைக் குட்டி உண்கிறது. விஷ இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கூழின் மூலமாகத்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன.

கல்ப்பர் சுறாவோ முட்டையை வெளியே இடுவதே இல்லை. கருவை உள்ளேயே வைத்து, பெரியதொரு மஞ்சட்கருவின் சத்தைக் கொண்டு வளர்த்து, முழு உருவமும் பல்லும் முள்ளும் பெற்ற குட்டியாக ஈனுகிறது. நன்கு ஆராயப்பட்ட இனத்தில் ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. கர்ப்பகாலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். யானைக்கு நிகரான கர்ப்பம்! அதன்பின் குட்டிக்குத் தாயின் தயவு இல்லை, அது வேண்டியதுமில்லை. கடலில் ஒரு மீன் போனால் ஆயிரம் மீன் வரும் என்ற நம்பிக்கையில் வலை போடுகிறவனுக்கு, இது இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறும் குடித்தனம் என்பதை யார் எடுத்துச் சொல்வது?

இரு பிராணிகளையும் மனிதன் வேட்டையாடியிருக்கிறான். கோவாலாவை அதன் தோலுக்காகக் கொன்றான். ஈரம் புகாத, மென்மையான அந்த ரோமத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லட்சக்கணக்கில் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறி, கோட்டும் தொப்பியும் ஆயிற்று. 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசாங்கம் ஒரு மாதத்துக்கு வேட்டையைத் திறந்துவிட்டபோது கொல்லப்பட்டவை சுமார் ஆறு லட்சம். பத்திரிகைகளும் பாதிரிமாரும் பொதுமக்களும் வெகுண்டெழுந்தார்கள். அந்த மாநிலத்தில் அதுவே கடைசி வேட்டை. அதன் பிறகு காடழிப்பும், நோயும், 2019–20 காட்டுத்தீயும் வேட்டைக்காரனின் வேலையை வேறு விதமாகத் தொடர்ந்தன. 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்களை அழியும் நிலையிலுள்ள இனமென்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்ததா, உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் படத்தோடு செய்தி வந்ததா என்றால், வந்தது.

சுறாவின் சரித்திரம் அவ்வளவு வெளிச்சத்தில் நடக்கவில்லை. சுறாவின் ஈரலெண்ணெய்க்கும் நம் ராஜதானிக்கும் பழைய பரிச்சயம் உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் நார்வே ஜெர்மானியர் வசமாகி, காட் மீன் எண்ணெயின் வரவு தடைப்பட்ட 1940ஐ ஒட்டி, சென்னை அரசாங்கத்தின் மீன்துறை கோழிக்கோட்டில் சுறா ஈரலெண்ணெய் உற்பத்தியைத் தொடங்கியது. வைட்டமின் ‘ஏ’ நிறைந்த அந்த எண்ணெய், கண்பார்வைக் குறைவுக்கும் குழந்தைகளின் நோஞ்சான் உடம்புக்கும் ஆஸ்பத்திரிகளில் வார்க்கப்பட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவர்கள் இன்றைக்குத் தாத்தா பாட்டிமாராக இருப்பார்கள். அது கரையோரத்துச் சுறாக்களின் எண்ணெய். 1947இல் வைட்டமின் ‘ஏ’யைத் தொழிற்சாலையிலேயே செய்யும் வழி பிறந்ததும் அந்தத் தேவை மெல்ல மறைந்தது. ரசாயன சாஸ்திரம் ஒரு பிராணியைக் காப்பாற்றிய சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. ஆனால் அதே சாஸ்திரம் ஆழத்துச் சுறாவை மாட்டிவிட்டதும் உண்மை.

ஜப்பானிய ரசாயன நிபுணர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906இல் சுறா ஈரலெண்ணெயில் ஒரு புதிய பொருளைக் கண்டு, பத்தாண்டுகளுக்குப் பின் 1916இல் அதற்கு ‘ஸ்குவலீன்’ என்று பெயரிட்டார். ஆழம் கூடக்கூட ஈரலில் அது கூடுகிறது. கல்ப்பர் சுறாக்களின் எண்ணெயில் பெரும்பங்கு அதுவே. அதைச் சற்றே மாற்றினால் பிசுபிசுப்பில்லாமல் தோலில் இழையும் ‘ஸ்குவலேன்’ என்னும் திரவம் கிடைக்கிறது. முகப்பூச்சுக் களிம்புகளுக்கு அதைவிட உகந்தது வேறில்லை. 1997இல் இத்தாலியில் அனுமதி பெற்ற ஃப்ளூ தடுப்பூசி ஒன்றில், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப்பொருளாகவும் ஸ்குவலீன் புகுந்தது. இதில் நகைப்புக்கிடமான சங்கதி, மனிதத் தோலில் ஊறும் எண்ணெயிலும் பத்தில் ஒரு பங்குக்குமேல் அதே ஸ்குவலீன்தான். சொந்த முகத்தில் சும்மா ஊறுவதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எண்ணூறு மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு ஜீவனை இழுத்து வந்து அதன் ஈரலைக் காசு கொடுத்துப் பூசிக்கொள்கிறோம்.

இந்த வியாபாரம் எப்படி முடியுமென்பதற்கு நமக்கு அண்டைவீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மாலத்தீவில் 1980 வாக்கில் கல்ப்பர் சுறா மீன்பிடிப்புத் தொடங்கியது. எண்ணெய் ஜப்பானுக்குப் போயிற்று. சில வருஷங்களிலேயே உச்சத்தைத் தொட்டு, அதே வேகத்தில் சரிந்து, இருபதாண்டு முடிவதற்குள் பேருக்கு ஒரு தொழிலாகத் தேய்ந்துவிட்டது. சுறா இனங்கள் எதையும் பிடிக்கலாகாதென்று அந்நாடு 2010இல் தடை விதித்தது. அங்கே முடிந்தது இங்கே தொடர்ந்தது: இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கொச்சி துறைமுகத்தில் ஆழ்கடல் சுறாக்கள் கணிசமாக இறங்கத் தொடங்கின, அந்தமான் பக்கமும் தூண்டில்கள் நீண்டன.

அந்தப் படகுகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுகிறவர்கள் நம்மவர்கள்: கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் கடற்கரைக் கிராமங்களின் மீனவர்கள். கரையில் கட்டுமரம் கட்டிய முன்னோரின் பேரப்பிள்ளைகள், கொச்சியைத் தளமாகக் கொண்டு, பல வாரங்களுக்கு ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு, லட்சத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் போய், கொக்கிகள் வரிசையாகக் கோத்த கயிற்றைக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இறக்கிச் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே இணையற்றவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அவர்களை நடுக்கடலில் கண்டது; கரை திரும்பாதவர்களுக்காக அந்தக் கிராமங்களின் தேவாலய முற்றங்களில் நாள்கணக்கில் மக்கள் காத்துக்கிடந்தார்கள். சுறாவுக்காகப் பரிந்து பேசுகிறவன் இவர்களை வில்லன்களாக்கிப் பேசுவானானால், அவன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. ஈரலின் லாபத்தில் அவர்களுக்கு வந்து சேர்வது கொஞ்சம். பெரும்பங்கு சுத்திகரிப்பவனுக்கும் சிமிழில் அடைப்பவனுக்கும் போகிறது.

கோவாலாவுக்கு எழுந்த கூக்குரல் கல்ப்பர் சுறாவுக்கு ஏன் எழவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் முகம்தான். வட்டமான தலை, முன்னோக்கிய கண்கள், குழந்தையைப் போல அணைத்துக்கொள்ளும் கை; கோவாலாவைப் பார்த்தவுடனே நம் வீட்டுப் பிள்ளையாகப் பாவித்துவிடுகிறோம். அந்த அதிர்ஷ்டம் மரத்தில் இருப்பவை எல்லாவற்றுக்கும் வாய்த்ததில்லை. நம் நாட்டில் வயிற்றுப்பைப் பிராணி ஒன்றும் இல்லை. மரக்கிளையில் மெதுவாக நகர்ந்து, பெரிய கண்களால் இருட்டைத் துழாவி, பூச்சிகளைத் தின்று வாழும் தேவாங்குதான் குணத்தில் கோவாலாவுக்கு அருகே வரும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாதுவின் பெயரை நாம் வசவாக்கினோம். அதன் கண்ணைப் பிடுங்கினால் வசிய மருந்தாகும் என்ற மூடநம்பிக்கையில் கொன்றும் வந்தோம். ஒன்றை அதன் ஈரலுக்காகவும் மற்றொன்றை அதன் கண்ணுக்காகவும். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த கடவூர்க் காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. வசவுப் பெயருக்கும் ஒரு காடு கிடைத்துவிட்டது.

சுறாவுக்கு முகம் கொடுக்க நம் மரபில் ஆளில்லாமலில்லை. பழந்தமிழ்ப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வாள்போல நீண்ட மூக்குடைய வேளாச் சுறாவின் கொம்பாக அது இருக்க வேண்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வலைவீசின படலம் ஒன்று உண்டு: வேதப்பொருளைக் கேட்பதில் கவனம் தவறிய உமை பரதவர் மகளாகவும், காவலில் தவறிய நந்தி கடலைக் கலக்கும் சுறாவாகவும் சாபம் பெற, பெருமானே செம்படவராக வந்து வலை வீசிச் சுறாவைப் பிடித்து, அம்மையை மணந்து, நந்திக்குப் பழைய உருவத்தைத் தருகிறார். திருவண்ணாமலையில் பிராகாரத்துக்குப் பிராகாரம் பெரியதும் சிறியதுமாகப் படுத்திருக்கும் நந்திகளின் திமிலைத் தொட்டு வணங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்த அதிகார நந்தி ஒரு காலத்தில் சுறாவாக இருந்தவர் என்ற நினைவு வருமோ தெரியாது. ஆனால் அந்தப் படலத்தை எழுதியவர் சுறாவை அரக்கனாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சாபத்தில் அகப்பட்ட சிவகணமாக்கினார்.

இதே ஊரில் ரமணாசிரமத்துக்குப் போனால், 1948 ஜூனில் மறைந்த பசு லட்சுமிக்கும், அதன் பக்கத்திலேயே ஒரு மானுக்கும் ஒரு நாய்க்கும் ஒரு காகத்துக்கும் சமாதிகள் இருப்பதைப் பார்க்கலாம். குரங்குகளின் கூட்டத் தகராறுகளைப் பெரிய மனிதர்களின் வழக்கைப் போலப் பொறுமையாகக் கேட்டவர் ரமணர் என்று உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். என்றாலும் ஒரு சந்தேகம் எழுகிறது. பசுவும் மானும் நாயும் காகமும் அவர் சந்நிதிக்கு நடந்தோ பறந்தோ வந்தவை. கண்ணோடு கண் பார்த்தவை. கண்முன் வரவே முடியாத ஜீவனிடத்தில் காருண்யம் வைப்பது, சாதாரண மனிதர்களாகிய நமக்குச் சட்டத்தின் துணையில்லாமல் கைகூடக்கூடியதாகத் தோன்றவில்லை.

சட்டம் என்ன செய்திருக்கிறது? இந்தியாவில் 2013 ஆகஸ்டில், பிடித்த சுறாவைத் துடுப்போடு முழுதாகவே கரைக்குக் கொண்டுவர வேண்டுமென்ற விதி வந்தது. 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. துடுப்பை அறுத்துக்கொண்டு உயிரோடு கடலில் எறியும் கொடுமைக்கு எதிராக வந்த நல்ல விதிகள் இவை. ஆனால் கல்ப்பர் சுறாவின் துடுப்பை யாரும் சீந்துவதில்லை. அதன் விலை வயிற்றுக்குள் இருக்கிறது. முழுதாகக் கரைக்கு வந்து, விதிப்படி இறங்கி, ஈரல் மட்டும் தனியே போவதைத் துடுப்புச் சட்டம் எப்படித் தடுக்கும்? உலக அளவில் 2025இன் இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து நகரில் கூடிய, அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் உலக வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மாநாடு, கல்ப்பர் சுறாக் குடும்பத்தைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இனத்துக்குக் கேடில்லை என்று ஏற்றுமதி செய்யும் நாடு சான்று கொடுத்தாலன்றி, எண்ணெயானாலும் இறைச்சியானாலும் எல்லை தாண்டக் கூடாதென்பது அதன் பொருள். அந்தச் சான்றைக் கொடுக்க, எந்த இனம் எத்தனை பிடிபடுகிறதென்ற கணக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஒரு சாம்பல் சுறாவுக்கும் மற்றொரு சாம்பல் சுறாவுக்கும் வித்தியாசத்தை முள்ளையும் பல்லையும் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் விடியற்காலையில் ஏலக் கூடத்தில் நிற்க வேண்டும். சட்டத்தின் பலம் அந்த ஆளின் கண்ணளவுதான்.

எண்ணெயின் விஷயத்தில் மறுபடியும் ரசாயனம் வேறு வழி காட்டியிருக்கிறது. ஆலிவ் எண்ணெயைச் சுத்திகரிக்கையில் கிடைக்கும் கழிவிலிருந்தும், கரும்புச் சர்க்கரையை ஈஸ்டைக் கொண்டு நொதிக்க வைத்தும் அதே திரவத்தை இப்போது எடுக்கிறார்கள்; முகப்பூச்சுக் கம்பெனிகளில் பல அதற்கு மாறிவிட்டன. தவிட்டெண்ணெயிலும் கொஞ்சம் உண்டு. கரும்பும் நெல்லும் விளையும் இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், கடைக்காரரிடம் களிம்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ‘ஸ்குவலேன்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது கரும்பா சுறாவா என்று தெரியாது. தாவர மூலம் என்று சேர்த்து அச்சிட்டிருந்தால் தெரியும். அப்படி அச்சிடுவதைக் கட்டாயமாக்க ஒரு வரி உத்தரவு போதும். அதற்கு மாநாடும் வேண்டாம், மரபணு ஆராய்ச்சியும் வேண்டாம்.